கையைக் கண்டு நடுங்கும் பறவையைப் பழக்குவது

பயந்த பறவை ஒன்று வீட்டுக்கு வந்தால் முதல் வேலை, கூண்டுக்குள் கையை விடாமல் இருப்பதுதான். தண்ணீர் மாற்றவும் தீனி வைக்கவும் அடித்தட்டைச் சுத்தம் செய்யவும் தவிர அந்தக் கை உள்ளே போகக் கூடாது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். விரலில் ஏற வேண்டும், தோளில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருப்பார்கள். அந்த ஆசை நிறைவேறும். ஆனால் அதற்கு நாள் குறிக்கும் உரிமையைப் பறவையிடம் விட்டுவிட வேண்டும்.

நான் குரோம்பேட்டையில் வீட்டிலேயே தையல் தொழில் செய்பவள். மெஷின் போட்டிருக்கும் முன் அறையில்தான் என் பறவைகளும் இருக்கின்றன. "கடிக்கிறது அக்கா", "கிட்டே போனாலே கூண்டுக்குள் முட்டி மோதிக்கொள்கிறது அக்கா" என்று அக்கம்பக்கத்தார் தங்கள் பறவைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வருபவை பெரும்பாலும் தலையில் கொண்டை உள்ள சிறு கிளி வகையான காக்டெயில். இல்லையென்றால் நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி. இந்த இரண்டைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். பச்சைக்கிளியைப் பழக்கும் வழி கேட்டு யாரும் வர வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். அப்படி ஒன்று உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைகள். பட்ஜியை முதன்முதலில் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர், ஆண்டு 1840. அதன் பிறகு எத்தனையோ தலைமுறைகள் கூண்டிலேயே பொரித்து வளர்ந்துவிட்டன. இருந்தும் வானத்திலிருந்து பாய்கிற வேட்டைப் பறவையின் பயம் அவற்றின் உடம்பை விட்டுப் போகவில்லை. பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். காக்டெயில் 80 முதல் 100 கிராம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலேயே சுற்றுப்புறம் ஏறக்குறைய முழுவதையும் பார்த்துவிடும். நாமோ இரண்டு கண்களையும் முன்னால் வைத்துக்கொண்டு, இரையைக் குறிபார்க்கும் பூனையைப் போல நேருக்கு நேர் உற்றுப்பார்க்கிறோம். போதாதற்கு மேலிருந்து கையை இறக்குகிறோம்.

கடையில் நடந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நெருக்கி அடைத்த கூண்டுக்குள் ஒரு கை நுழையும், எல்லாப் பறவைகளும் அலறிச் சிதறும், ஒன்று அகப்படும், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் திணிக்கப்படும். மனிதக் கையைப் பற்றி அந்தப் பறவை அதுவரை கற்றது அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வந்து அது நடுங்குகிறது என்றால், கற்றதை மறக்காத பறவை என்று பொருள். நல்லதைக் கற்றாலும் மறக்காது.

என் முறை முழுவதும் ஒரே விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. பறவை ‘வேண்டாம்’ என்று காட்டினால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தன் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்துகொண்ட பறவைக்குக் கடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இதற்கு நேர்மாறான வழியைத்தான் பலர் சொல்லித்தருகிறார்கள். பிடித்து உள்ளங்கையில் அடக்கி, துடிப்பு அடங்கும்வரை விடாமல் வைத்திருந்தால் ஒரே நாளில் பழகிவிடுமாம். அப்படிச் செய்தால் அது அசையாமல் உட்காரும், உண்மை. தப்ப வழியே இல்லை என்று உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து ‘எவ்வளவு சாது’ என்று பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. உயிருக்கே ஆபத்தும் இருக்கிறது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்புக்கூடு விரிந்து சுருங்கினால்தான் அதற்கு மூச்சு. மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், பிடித்தவருக்குத் தெரியாமலேயே கைக்குள் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

‘வேண்டாம்’ என்பதை எப்படிக் காட்டும்?

காக்டெயிலிடம் கொண்டையைப் பாருங்கள். விறைப்பாக நிமிர்ந்திருந்தால் ஏதோ ஒன்றைக் கண்டு உஷாராகியிருக்கிறது. தலையோடு ஒட்டப் படிந்து, அலகைத் திறந்து சீறினால் பயமும் கோபமும் சேர்ந்திருக்கின்றன. இன்னும் ஓர் அங்குலம் நெருங்கினால் கடி நிச்சயம். பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதி. பட்ஜிக்குக் கொண்டை இல்லாததால் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். இறகெல்லாம் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, ஒல்லியாக உயர்ந்து அசையாமல் நின்றால் மிகுந்த அச்சத்தில் இருக்கிறது.

இவை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அறிகுறிகள். இவற்றுக்கு முன்பே சின்னச் சின்ன மறுப்புகளைப் பறவை காட்டியிருக்கும். தின்றுகொண்டிருந்தது மெல்லுவதை நிறுத்தும். உடம்பை லேசாகப் பின்னால் சாய்க்கும். கம்பியில் ஒரு கால் அளவு நகர்ந்துகொள்ளும். நம்மை விட்டுவிட்டு எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்வையை அலையவிடும். அங்கேயே நாம் நின்றுவிட்டால் சீறலும் கடியும் வரவே வராது. "திடீரென்று கடித்துவிட்டது" என்று யார் சொன்னாலும், அதற்கு முன் என்ன செய்தது என்றுதான் நான் கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நிம்மதியின் அறிகுறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். இறகைச் சிலிர்த்து உதறுவது, ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, இருட்டும் நேரத்தில் அலகை அரைத்து மெல்லிய ஓசை எழுப்புவது, நம் கண்ணெதிரே இறகு கோதுவது. எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீனி தின்பது. இரையாகப் பிறந்த உயிர் தலையைக் குனிந்து தின்கிறது என்றால் நம்மை அபாயப் பட்டியலில் இருந்து நீக்கத் தொடங்கிவிட்டது.

நாள் முழுவதும் உப்பிய இறகோடு, கண்ணை மூடி, கூண்டின் தரையில் ஒடுங்கியிருப்பது மட்டும் நிம்மதி ஆகாது. மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குவதும் எச்சம் ஒட்டிக் கிடப்பதும் நோயின் அடையாளங்கள். பறவை கடைசிவரை நோயை மறைக்கும். நாம் கண்டுபிடிக்கும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். பழக்குவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கூண்டு இருக்கும் இடம்

கூண்டு பயத்தின் பாதியைக் குறைக்கும், கூட்டவும் செய்யும். நான்கு பக்கமும் திறந்த இடத்தில் தொங்கவிட்டால் பறவைக்கு முதுகைக் காட்டி உட்கார இடமே இல்லை. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். உயரம், நின்றால் நம் மார்புக்கும் கண்ணுக்கும் இடையில். தரையில் வைத்தால் நாம் எல்லோரும் அதற்கு மேலிருந்து வருகிறவர்களாகிவிடுவோம். வட்டக் கூண்டு வேண்டாம். ஒதுங்க அதில் மூலை கிடையாது. காக்டெயிலுக்கு 60 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும். பழைய பருத்தித் துணி ஒன்றைக் கூண்டின் ஒரு மூலையில் மட்டும் போர்த்திவிடுங்கள். வேண்டும்போது அதன் பின்னால் மறைந்துகொள்ளட்டும். மறைய இடமிருக்கும் பறவைதான் சீக்கிரம் வெளியே வருகிறது. இதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு நேரே வைத்தால் கம்பியில் காக்கை வந்து உட்காரும். நமக்கு அது பழகிப்போன காக்கை, பட்ஜிக்கு யமன். சமையலறையில் வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்திப் புகையும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது பின்கட்டோடு சரி.

நம் ஊரில் பட்ஜிக் கூண்டு வாங்கினால் கூடவே ஒரு மண் பானையையும் கட்டிவிடுவார்கள். பழக்கும் காலத்தில் அதை எடுத்துவிடுங்கள் (உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் தொட வேண்டாம், அவை முடியும்வரை பழக்குவதைத் தள்ளிப்போடுங்கள்). பானை இருந்தால் பெட்டைக்கு அது கூடு, கூண்டைச் சுற்றி வரும் ஒவ்வொரு கையும் எதிரி. மூக்குக்கு மேலே உள்ள சதை பழுப்பாக இருப்பது வளர்ந்த பெட்டை, நீலமாக இருப்பது ஆண். வெள்ளை, மஞ்சள் வகைகள் சிலவற்றில் இந்தக் கணக்குப் பொருந்தாது. வழவழப்பான பிளாஸ்டிக் கம்பிகளுக்குப் பதிலாகக் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கால் உறுதியாக நின்றால் மனமும் கொஞ்சம் உறுதியாகும்.

சும்மா உட்கார்ந்திருப்பது

என்னிடம் வந்தவற்றில் அதிகம் பயந்தது முத்து என்ற சாம்பல் நிறக் காக்டெயில். முன்பிருந்த வீட்டில் சமையலறை வாசலுக்கு மேலே கூண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். தினமும் மாலையில் துண்டைப் போட்டுப் பிடித்து, குழந்தை தடவிப் பார்க்கக் கொடுப்பார்களாம். இறக்கையையும் வெட்டியிருந்தது. கூண்டுப் பக்கம் யார் கை உயர்ந்தாலும் சீறிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். துண்டைக் கண்டால் விழுந்தடித்துக்கொண்டு கம்பியில் மோதும்.

அதற்கு நான் முதலில் செய்தது ஒன்றுமில்லை. அறையின் மறுகோடியில் கூண்டை வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில் உட்கார்ந்து, துணியைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நம் கவனம் தன் மேல் இல்லை என்று தெரிந்தால்தான் பறவை நம்மை ஆராயத் தொடங்கும். மெஷின் சத்தத்துக்கு முதலில் பயந்தது. ஒரே தூரத்திலிருந்து ஒரே மாதிரி வரும் சத்தம் என்பதால் பிறகு பொருட்படுத்தவில்லை. என் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்தான் அதற்குப் பெரிய பயம். நெளியும் நீளமான எதையும் இவை நம்புவதில்லை. டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்: தலையில் சுற்றிய ஈரத் துண்டு, கலகலக்கும் வளையல், தொப்பி, துடைப்பம். எதைப் பார்த்ததும் கொண்டை நிமிர்கிறது என்று கவனித்து, அந்தப் பொருளைப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கூண்டிடம் போகும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு போங்கள். நான் "தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்கொண்டே போவேன். அந்தச் சொல் கேட்டால் கை வரும், கிண்ணத்தை எடுக்கும், திரும்பிப் போய்விடும், வேறெதுவும் நடக்காது. நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உயிருக்குப் பயம் குறைகிறது. ஓசையில்லாமல் பதுங்கிப் போவது தவறு. பதுங்கி வருகிறவை வேட்டையாடும் மிருகங்கள்தாம்.

பிறகு தூரத்தைக் குறையுங்கள். நாற்காலியை ஓர் அடி நகர்த்துங்கள். பறவை மெல்லுவதை நிறுத்தினால் அரை அடி பின்வாங்கி உட்காருங்கள். இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் கணக்குச் சொல்வதில்லை. சில பட்ஜிகளுக்கு ஒரு வாரம் போதும். அடிபட்டு வந்த காக்டெயிலுக்கு மாதங்கள் ஆகலாம். வயது குறைவாக இருந்தால் எளிது என்பது சரிதான். நெற்றியில் மூக்குச் சதைவரை கறுப்புக் கோடுகள் இருக்கும் பட்ஜி இன்னும் முதல் இறகுதிர்ப்பைக் காணாத இளசு. ஆனால் சீக்கிரம் பழகும் என்பதற்காக, தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை வாங்கி ஊசிக்குழலால் ஊட்ட முயலாதீர்கள். கஞ்சியின் சூடு சற்றுக் கூடினாலும் இரைப்பை வெந்துவிடும்.

தினைக் கதிர்

வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டினாள். நாம் அதே தினையைக் காட்டிப் பறவையை அழைக்கப்போகிறோம். கதிராகவே கிடைக்கும் தினைதான் பழக்குவதற்கு மிகச் சிறந்தது. நீளமாக இருப்பதால் கை தூரத்தில் இருக்கும்போதே பறவையின் அலகு தினையில் இருக்கும்.

முதலில் கதிரைக் கூண்டில் கட்டிவிட்டு விலகிவிடுங்கள். அதன் ருசி பிடிபட்டதும், கிண்ணத்தில் சாமையும் பனிவரகும் மட்டும் இருக்கட்டும். கதிர் உங்கள் கையிலிருந்து மட்டும் வரட்டும். பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது. 35 கிராம் பட்ஜிக்கு 4 கிராம் குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது என்று பொருள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காக்டெயிலுக்குச் சூரியகாந்தி விதை உயிர். கொழுப்பு அதிகம் என்பதால் அதைப் பரிசாக மட்டும் கொடுங்கள். முருங்கைக் கீரை, கொத்தமல்லி, அவித்த முட்டை எல்லாம் நல்லவை. அவகாடோ, சாக்லேட், வெங்காயம் ஆகாது.

கூண்டுக்கு வெளியே நின்று, கம்பி வழியாகக் கதிரின் நுனி மட்டும் உள்ளே போகும்படி பிடியுங்கள். பறவையின் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டாம். அது நடந்து வந்து எடுக்கும் தூரத்தில் நிறுத்துங்கள். வரவில்லை என்றால் கதிரை எடுத்துவிட்டுப் போய்விடுங்கள், சாயங்காலம் மறுபடி வாருங்கள். வந்து ஒரு தினை மணியைக் கொத்தினால் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருங்கள். கை வலிக்கும். முழங்கையைக் கூண்டு மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முறைகளில் கதிரைச் சற்றுக் குட்டையாகப் பிடித்தால் விரல் தானாகப் பக்கத்தில் வந்துவிடும்.

முத்து கதிரின் பக்கமே வரவில்லை. கை என்றாலே அதற்குத் துண்டின் நினைவு. அதற்காக ஐஸ் குச்சியை எடுத்தேன். கம்பிக்கு வெளியே குச்சியைக் காட்டுவேன். அதைப் பார்த்தால் போதும், நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே கிண்ணத்தில் ஒரு சூரியகாந்தி விதையைப் போட்டுவிட்டு விலகிவிடுவேன். பார்த்ததற்கு விதை, பிறகு அதை நோக்கிச் சாய்ந்ததற்கு விதை, பிறகு அலகால் தொட்டதற்கு. எதைச் செய்தால் விதை வருகிறது என்று கண்டுபிடித்த அன்று முத்துவின் நடையே மாறிவிட்டது. அதுவரை கூண்டின் பின்மூலையில் ஒண்டிக்கிடந்த பறவை, குச்சியைத் தேடிக்கொண்டு முன்பக்கம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மிடமிருந்து ஒன்றை வரவழைக்கத் தன்னால் முடியும் என்று அது அறிந்துகொண்ட நாள் அது. குச்சியைத் தொடத் தெரிந்த பறவையைக் கையால் தொடாமலேயே எங்கே வேண்டுமானாலும் நடத்திப் போகலாம்: இடப்பக்கம், வலப்பக்கம், கதவு வரை, எடைத் தராசின் மேல்கூட.

இந்தப் பாடங்களை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பறவைக்கு இன்னும் ஆர்வம் இருக்கும்போதே நிறுத்தினால் அடுத்த முறை நம்மை எதிர்பார்த்திருக்கும்.

விரலில் ஏறுவது

வயிற்றுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் தடுமாறி ஏறிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஏறும், வேறு வழியில்லாமல். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூண்டுக் கதவைத் திறந்து, விரலைக் கம்பிக்குப் பக்கத்தில் அதே உயரத்தில், இன்னொரு கிளை போல நீட்டுங்கள். கை கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும். விரலுக்கு அப்பால் தினைக் கதிரைப் பிடியுங்கள். எட்டிப் பார்க்கும், கழுத்தை நீட்டும், கடைசியில் ஒரு காலை விரலில் வைக்கும். ஒற்றைக் கால் போதும். அதற்கே கதிரைக் கொடுங்கள். இரண்டாவது காலை அது கேட்காமலேயே வைக்கும்.

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஏறும் முன் பறவை அலகால் விரலைப் பற்றிப் பார்க்கும். கிளை தாங்குமா என்று சோதிக்கும் வழக்கம் அது. அலகு அதற்கு மூன்றாவது கை. கடிக்க வருகிறது என்று நினைத்து நாம் வெடுக்கென்று விரலை இழுத்துவிட்டால், இந்தக் கிளை நம்பத்தக்கதல்ல என்ற முடிவுக்கு வந்துவிடும். விரலை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கும் கடிக்கும் அழுத்தத்தில் வித்தியாசம் தெரியும்.

உண்மையாகவே கடித்துவிட்டால்? கத்தாதீர்கள், உதறாதீர்கள், அலகில் சுண்டாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள். கையை மெதுவாகக் கம்பியின் அருகே கொண்டுபோய் இறங்கவிடுங்கள். கடித்ததும் விலகினால் கடிக்கப் பழகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பழகும்தான். அதனால்தான் கடிக்கு முந்தைய சின்ன மறுப்பிலேயே நிறுத்தச் சொல்கிறேன். அங்கே நாம் விலகினால் சாய்ந்து காட்டினாலே போதும் என்று கற்கும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டாம். கையுறைக்குள் இருக்கும் கை பறவையின் மறுப்பை உணராது.

தடவிக்கொடுக்க ஆசையாக இருக்கும். பறவை தானாகத் தலையைக் குனிந்து பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டினால் மட்டும், தலையிலும் கன்னத்திலும் விரல் நுனியால் கோதிவிடுங்கள். முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவினால் இனச்சேர்க்கைக்கான தூண்டுதலாகி, பிறகு அதுவே சண்டைக்கும் கடிக்கும் காரணமாகிவிடும். பட்ஜிகளில் பல, வாழ்நாள் முழுவதும் நம் தோளில் உட்காருமே தவிர, தடவ விடாது. விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். தோளில் உட்காருவதே அதன் அன்பு.

ஜோடியாக இருக்கும் பறவைகளைப் பிரித்தால்தான் பழகும் என்பார்கள். நான் பிரிப்பதில்லை. கூட்டமாக வாழும் இனம். தனிமையில் ஏங்கி நம்மிடம் வருவதைவிட, துணையோடு நிம்மதியாக இருந்து தாமதமாக வரட்டும். துணிச்சலான ஒன்று கதிருக்கு வந்துவிட்டால் மற்றது பார்த்துக்கொண்டே இருந்து பின்னாலேயே வரும்.

கூண்டைவிட்டு வெளியே

மின்விசிறியை நிறுத்துங்கள். ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டுங்கள். யாராவது பழக்கத்தில் வந்து போட்டுவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடியிலும் நிலைக்கண்ணாடியிலும் துணி போடுங்கள், இல்லையென்றால் வெட்டவெளி என்று நினைத்து முட்டும். வாளித் தண்ணீரையும் குழம்புப் பாத்திரத்தையும் மூடுங்கள். வாசல் கதவைத் தாழிடுங்கள். என் அறையில் இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு: குண்டூசி, நூல் துண்டு, ஜிப், உலோகப் பொத்தான் எல்லாவற்றையும் கூட்டி எடுத்து டப்பாவில் அடைத்தால்தான் கூண்டுக் கதவு திறக்கும். நூல் காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும். துத்தநாகமும் ஈயமும் பறவைக்கு விஷம்.

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கியிருங்கள். கையால் வெளியே எடுக்க வேண்டாம். தானாக வந்த பறவைக்குத் திரும்பும் வழி தெரியும். உள்ளே போக வேண்டிய நேரத்துக்குச் சற்று முன் தீனிக் கிண்ணத்தைக் கூண்டில் வைத்தால் பசிக்குத் திரும்பிவிடும். துரத்திப் பிடித்துப் போட்டீர்கள் என்றால் பல நாள் உழைப்பு அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இறக்கை வெட்டிய பறவையை உயரத்தில் விடாதீர்கள்; விழுந்தால் மார்பெலும்பில் அடிபடும். தரையில் மெத்தை போட்டு, தாழ்வான முக்காலியில் பழக்குங்கள். வெட்டிய இறகு அடுத்த உதிர்ப்பில் புதிதாக முளைக்கும். பழக்குவதற்காக இறக்கையை வெட்டச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பறந்து விலகிப் போக முடிகிற பறவைக்குக் கடிக்க வேண்டியதில்லை. முத்துவுக்கு இறகு முளைத்த பிறகுதான் அது முழு மனதோடு என்னிடம் வந்தது. அலமாரி மேலிருந்து மெஷினுக்குப் பறந்து வந்து, தைத்துக்கொண்டிருக்கும் துணியின் ஓரத்தைக் கடித்துப் பார்க்கும்.

பின்வாங்கும் நாள்கள்

இறகுதிரும் காலத்தில் முள் போன்ற புது இறகுகள் தொட்டாலே வலிக்கும், எரிச்சலாக இருக்கும், விட்டுவிடுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் நன்றாகப் பழகிய பறவையும் மூலைக்கு ஓடும். ஒரு வாரம் முன்பே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கமும் கனத்த துணி போட்டு, வானொலியை மெல்ல ஓடவிடுங்கள். காக்டெயில்களுக்கு நள்ளிரவில் திடீரென்று அலறிக் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பல்லி ஓடினாலும் நடக்கும், மின்சாரம் போய் வந்தாலும் நடக்கும். மங்கலான இரவு விளக்கு எரியட்டும். அடித்துக்கொண்டால் கையை உள்ளே விடாமல், விளக்கைப் போட்டுப் பழகிய சொல்லைச் சொல்லிக்கொண்டே இருங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். வீட்டார் இரவு பதினொன்று வரை தொலைக்காட்சி பார்க்கும் கூடத்தில் இருக்கும் பறவை காலையில் சிடுசிடுக்கத்தான் செய்யும்.

மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ பிடித்தே ஆக வேண்டிய சமயம் வரும். அப்போது மெல்லிய துணியால் மூடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரு பக்கமும் இருக்கும்படி தலையைத் தாங்கி, மார்பில் அழுத்தம் படாமல் பிடிக்க வேண்டும். முடிந்தால் பிடிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். பழக்குகிறவர் முடிந்தபின் கதிரோடு வரலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தம்பியுடையது.

ஒருவரிடம் பழகிய பறவை வீட்டில் எல்லோரிடமும் பழகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். என்னிடம் விட்டவர்கள் திரும்ப அழைத்துப்போக வரும்போது, உடனே கூண்டைக் கொடுத்து அனுப்பமாட்டேன். அந்த வீட்டில் யார் தினமும் தீனி வைக்கப்போகிறார்களோ அவர்களைச் சில மாலைகள் வரச் சொல்வேன். முதலில் மெஷின் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். பிறகு நான் சொல்லும் அதே சொல்லைச் சொல்லித் தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு கதிரை நீட்ட வேண்டும். பிள்ளைகளாக இருந்தால் பறவையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்லித்தருவேன். கிளி இனங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. கூண்டு புது இடத்துக்குப் போன பிறகு முதல் வாரம் கதவைத் திறக்க வேண்டாம். அதே கிளைகள், அதே கிண்ணம், மூலையில் அதே துணி இருக்கட்டும். கம்பிக்கு வெளியிலிருந்து கதிரை நீட்டுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை வேகமாகவே நடக்கும்.